அஞ்சல்வழிச் சதுரங்கம்: ஒரே குறிப்பேட்டில் ஆட்டமும் எழுத்தும் கற்பித்தலும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இருந்துகொண்டு சதுரங்கத்தில் தேற விரும்புகிறவருக்கு முதலில் குறுக்கே நிற்பது பயணச் செலவு. ஆட்டத் திறனை எண்ணால் குறிக்கும் ரேட்டிங்கைத் தரும் போட்டிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை போன்ற ஊர்களில் நடைபெறுகின்றன. நுழைவுக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, துணைக்குச் செல்பவர் இழக்கும் நான்கைந்து நாள் கூலி ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அரூரில் இருந்தோ தேன்கனிக்கோட்டையில் இருந்தோ ஒரு பிள்ளை ஆண்டுக்கு இரண்டு போட்டிகளுக்கு மேல் போவது கடினம் என்பது விளங்கும். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் பலகை வீட்டிலேயே இருக்கிறது. நகர்த்தல் மட்டும் அஞ்சலட்டையிலோ இணையத்திலோ பயணம் போகிறது. அதை நீண்ட நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, ஆடுபவராகவும் எழுதுபவராகவும் கற்பிப்பவராகவும் ஆக நினைப்பவர் எங்கே தொடங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்தில் இருந்து அஞ்சலட்டையில் ஆடத் தொடங்கினேன். பிறகு இணைய சர்வருக்கு மாறினேன். இடையில் கட்டுரைகள் எழுதினேன். இப்போது கிருஷ்ணகிரியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். இவை மூன்றும் தனித்தனி வேலைகள் என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக நேரம் ஒதுக்கப் பார்த்ததில் முதல் சில ஆண்டுகள் வீணாயின. ஆட்டத்துக்காக எழுதி வைத்த காரணங்களே கட்டுரைக்குக் கச்சாப் பொருள் என்பதும், கட்டுரைக்காகத் தெளிவுபடுத்திய அதே நிலைகள்தாம் வகுப்பில் பிள்ளைகளின் கண்ணைத் திறப்பவை என்பதும் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தன. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு குறிப்பேட்டைச் சுற்றியே நகரும்.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அஞ்சல்வழி ஆட்டத்தினால் வருமானம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எழுத்தினால் எப்போதாவது கொஞ்சம் வரும். மாதந்தோறும் கைக்கு வருவது கற்பித்தலில் இருந்து மட்டுமே. எனவே கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். உலக சாம்பியன்கள்கூட அப்படி இறங்கியவர்கள் அல்லர். நான்காவது அஞ்சல்வழி உலக சாம்பியனான விளாதிமிர் ஜாகரோவ்ஸ்கி வரலாற்றுப் பேராசிரியர். ஐந்தாவது சாம்பியன் ஹான்ஸ் பெர்லினர் கணினி அறிவியலாளர். பத்தாவது சாம்பியன் விக்டர் பால்சியாவ்ஸ்கஸ் இயற்பியலாளர். பதினோராவது சாம்பியன் ஃபிரிட்ஸ் பவும்பாக் வேதியியலாளர். முதல் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி மட்டுமே நம் நோக்கத்துக்கு முழுதும் பொருந்துகிறார். அவர் 1929இல் ஒரு சதுரங்க இதழைத் தொடங்கி, பெயர் மாறினாலும் விடாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார். சாதாரண ஆட்டக்காரருக்குப் புரியும்படி எழுதினார். 1953இல் முடிந்த முதல் அஞ்சல்வழி உலகப் போட்டியையும் வென்றார். எழுதி எழுதியே தன் ஆட்டத்தைக் கூர்மையாக்கிக்கொண்டவர் என்று நான் அவரைப் பற்றிக் கருதுகிறேன்.

சிறிய ஊரில் இருப்பது குறை என்று தோன்றும்போது பால் கெரஸை நினைத்துக்கொள்ளலாம். எஸ்தோனியாவின் பார்னு என்னும் சிறு நகரத்தில், தகுந்த எதிராளிகள் கிடைக்காத நிலையில், பள்ளிப் பருவத்திலேயே அவர் அஞ்சல்வழி ஆட்டங்களில் இறங்கினார். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 150 ஆட்டங்கள் வரை அவர் கையில் இருந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் உலக சாம்பியன் பட்டத்துக்கு மிக அருகில் வந்த கிராண்ட்மாஸ்டர் அவர். அந்த எண்ணிக்கையை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

எண்களைப் பழகுதல்

நகரத்துக்கு நகரம் கடிதம் வழியாக நடந்த ஆட்டங்களில் பெயர்பெற்றது 1824 முதல் 1828 வரை லண்டன் கழகத்துக்கும் எடின்பரோ கழகத்துக்கும் நடந்த போட்டியாகும். அதில் எடின்பரோ வென்றது. அங்கே கையாளப்பட்ட ஒரு தொடக்க நகர்த்தல் வரிசைக்கு ஸ்காட்ச் ஆட்டம் என்ற பெயரும் நிலைத்தது. இன்று உலக அளவில் இவ்வகைப் போட்டிகளை நடத்துவது 1951இல் உருவான சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு. ஐசிசிஎஃப் என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். அஞ்சலட்டைக் காலத்தில் பத்து நகர்த்தல்களுக்கு முப்பது நாள் என்பது வழக்கமான அளவு. தபால் வழியில் செல்லும் நாள்கள் கணக்கில் சேரமாட்டா. சர்வர் ஆட்டங்களில் பத்து நகர்த்தல்களுக்கு ஐம்பது நாள் என்பது பரவலான அளவு. ஓர் ஆட்டம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்வது சாதாரணம்.

தொடங்குபவர் முதலில் கற்க வேண்டியது எண்குறியீடு. பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கும் இடமிருந்து வலமாக, வெள்ளையின் பக்கமிருந்து பார்த்து, 1 முதல் 8 வரை எண் கொடுக்கிறோம். கிடைவரிசைகளுக்கும் கீழிருந்து மேலாக அப்படியே. ஒவ்வொரு கட்டமும் இரண்டு இலக்கம், ஒவ்வொரு நகர்த்தலும் நான்கு இலக்கம்: புறப்படும் கட்டம், சேரும் கட்டம். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. கருப்பு அதேபோல் பதில் சொன்னால் 5755. வெள்ளைக் குதிரை 7163, கருப்புக் குதிரை 2836, அடுத்து வெள்ளை 4244 ஆடினால் அதுதான் மேலே சொன்ன ஸ்காட்ச் ஆட்டம். ராஜா பக்கம் வெள்ளை ஆட்டக்காரர் கோட்டை கட்டுவதை (கேஸ்லிங்), ராஜாவின் நகர்வை மட்டும் குறித்து, 5171 என்று எழுதுவார்கள்.

மொழி தெரியாத இருவர் ஆடுவதற்காக ஏற்பட்ட முறை இது. ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் இருப்பதால், வகுப்பிலும் இது எனக்குப் பெரிதும் உதவுகிறது. பலகை இல்லாமல் பேருந்தில் உட்கார்ந்தபடியே 7163, 7152 என்று சொல்லிப் பார்த்துப் பழகுங்கள். ஒரு மாதத்தில் எண்ணைக் கேட்டதும் கட்டம் கண்ணில் தெரியும்.

குறிப்பேடு

ஓர் ஆட்டத்துக்கு ஒரு நோட்டு. இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். உதிரித் தாள்கள் வேண்டாம். இடப்பக்கத்தில் எதிராளியின் நகர்த்தல், அது கிடைத்த தேதி, நீங்கள் பதில் அனுப்பிய தேதி, செலவான நாள்கள், அதுவரை ஆன மொத்த நாள்கள் ஆகியவற்றை எழுதுங்கள். சர்வரே நாள் கணக்கைக் காட்டும்போது இது எதற்கு என்று தோன்றலாம். எந்த நிலையில் எத்தனை நாள் தயங்கினீர்கள் என்பது பின்னாளில் கட்டுரை எழுதும்போது மிக மதிப்புள்ள செய்தியாகிவிடும். ஏனெனில் பதினெட்டு நாள் யோசித்த இடத்தில்தான் ஆட்டத்தின் முடிச்சு இருக்கும்.

வலப்பக்கம் சிந்தனைக்கு. அங்கே முதலில், கணினியைத் தொடுவதற்கு முன்பாக, நீங்கள் ஆடத்தக்கவை என்று கருதும் மூன்று நகர்த்தல்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும் முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். "யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டு செல்லலாம், திறந்த வரிசை கிடைக்கிறது, ஆனால் பின்வரிசை காவலின்றிப் போகிறது" என்கிற அளவுக்கு. எதிராளி என்ன செய்ய விரும்புகிறார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். வெறும் வரிசைகளை மட்டும் எழுதி வைத்த நோட்டை மூன்று மாதம் கழித்துத் திறந்தால் அது யாரோ எழுதியதுபோல் இருக்கும். வாக்கியங்கள் இருந்தால் சிந்தனை விட்ட இடத்தில் தொடரும். ஒரே சமயத்தில் பத்து ஆட்டங்கள் நடக்கும்போது இந்தத் தொடர்ச்சிதான் உங்களைக் காப்பாற்றும்.

முடிவு செய்த பிறகு உடனே அனுப்பாதீர்கள். ஓர் இரவு கழியட்டும். மறுநாள் காலையில் முதல் நகர்த்தலில் இருந்து ஆட்டத்தைப் பலகையில் மீண்டும் ஆடி, இப்போதைய நிலைக்கு வந்து சேர்ந்து, பிறகு பார்த்து அனுப்புங்கள். இந்த ஒழுங்கை நான் கற்றது ஒரு தோல்வியில். அஞ்சலட்டைக் காலத்தில் ஒரு பலகையை நிலையுடன் அப்படியே அலமாரி மேல் வைத்திருந்தேன். வீட்டில் ஒட்டடை அடித்தபோது காய்கள் விழுந்திருக்கின்றன; எடுத்து வைத்தவர் ஒரு குதிரையை அடுத்த கட்டத்தில் வைத்துவிட்டார். அந்தத் தவறான நிலையை நான்கு நாள் ஆராய்ந்து, மிக அழகான ஒரு தியாகத்தைக் கண்டுபிடித்து, பெருமையோடு அனுப்பினேன். எதிராளியின் பதில் அட்டையில் என் யானை வெட்டப்பட்டிருந்தது. அனுப்பிய நகர்த்தலைத் திரும்பப் பெற முடியாது. எழுத்துப் பிழையானாலும், விதிப்படி ஆடக்கூடிய நகர்த்தலாக இருந்தால் அது நின்றுவிடும். ஒட்டடை அடித்தவர் மேல் குற்றமில்லை. முதலில் இருந்து ஆடிப் பார்க்காதது என் குற்றம்.

குறிப்பேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை வெறுமையாக விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கே மூன்று செய்திகளை எழுத வேண்டும்: நான் எங்கே தவறாக மதிப்பிட்டேன், எதிராளி எதைக் கண்டார், இந்த ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காட்டத்தக்க நிலை எது. மூன்றாவதை எழுதாமல் விட்டுவிடும் வழக்கம் பலருக்கும் உண்டு. அந்த ஒரு வரிதான் பின்னால் வகுப்பாகிறது.

எங்கே ஆடுவது, எத்தனை ஆடுவது

இன்று தொடங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலான என்ஜினின் துணையோடு ஆடுவதா, அது இல்லாமல் ஆடுவதா என்பதை. ஐசிசிஎஃப் போட்டிகளில் என்ஜினைப் பயன்படுத்த அனுமதி உண்டு; உங்கள் எதிராளியும் பயன்படுத்துவார். லிசெஸ், செஸ்.காம் ஆகிய தளங்களில் நாள்கணக்கில் நீளும் ஆட்டங்களில் தொடக்க ஆட்டங்களுக்கான நூல்களையும் தரவுத்தளங்களையும் பார்க்கலாம், என்ஜினைத் தொடக்கூடாது. இந்த வேறுபாட்டை மறந்து ஓரிடத்தின் பழக்கத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டு போனால் கணக்கு முடக்கப்படுவதோடு, ஆசிரியராக ஊரில் சம்பாதித்த பெயரும் போய்விடும்.

என் ஆலோசனை இது: முதல் இரண்டு ஆண்டுகள் என்ஜின் இல்லாத ஆட்டங்களையே ஆடுங்கள். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த பிறகு மட்டும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற இலவச என்ஜினைக் கொண்டு உங்கள் வலப்பக்கக் குறிப்புகளைச் சரிபாருங்கள். உங்கள் காரணங்களில் பாதி தவறாக இருக்கும், அது நல்லதே. என்ஜின் இல்லாத காலத்தில் ஒரு மனிதரின் தயாரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, ஐந்தாவது உலகப் போட்டியில் யாகோவ் எஸ்திரினுக்கு எதிராகப் பெர்லினர் கருப்புக் காய்களில் ஆடிய ஆட்டத்தைப் பலகையில் போட்டுப் பார்க்க வேண்டும். 5254 5755, 7163 2836, 6134 7866, 6375 4745, 5445 2725, 3461 3644, 3233 6645, 7554 4884, 5473 3874, 6263 என்று வந்த இடத்தில், தாக்கப்பட்டு நிற்கும் தன் காய்களைக் காப்பாற்றாமல் 5554 என்று சிப்பாயைத் தள்ளினார். ஒரு காயை இழந்து தாக்குதலில் இறங்கிய அந்த ஆட்டம், கடைசியில் யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதி ஆட்டத்தில் வெற்றியாக முடிந்தது. 1965 முதல் 1968 வரை நடந்த அந்தப் போட்டியில் அவர் பதினாறு ஆட்டங்களில் பன்னிரண்டு வென்று, நான்கு டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஐசிசிஎஃப்பில் சேரலாம். இந்தியாவில் இருந்து சேர்பவர்கள் அகில இந்திய அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் வழியாக வர வேண்டும். அங்கே பட்டங்கள் ஐந்து படிகளாக இருக்கின்றன: எக்ஸ்பர்ட், மாஸ்டர், இன்டர்நேஷனல் மாஸ்டர், சீனியர் இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர். இவற்றில் சீனியர் இன்டர்நேஷனல் மாஸ்டர் என்ற படி நேருக்கு நேர் ஆடும் சதுரங்கத்தில் கிடையாது. ஐசிசிஎஃப் ரேட்டிங்கும், நேருக்கு நேர் ஆட்டங்களுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கும் வேறு வேறு. ஒன்றைச் சொல்லி மற்றதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மேல்மட்டத்தில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இரு பக்கமும் என்ஜின் இருக்கும்போது மனிதருக்கு மிஞ்சும் வேலை, எந்தக் கட்டமைப்புக்கு ஆட்டத்தைக் கொண்டு செல்வது என்று தீர்மானிப்பது. மூடிய நிலைகள், பல நகர்த்தல்களுக்கு அப்பால் பலன் தரும் திட்டங்கள், உள்ளே புக முடியாத அரண்கள் ஆகிய இடங்களில் என்ஜின் தரும் எண்ணை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் முடிவு கணினி அட்டவணைகளில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி வெற்றியோ டிராவோ கோரலாம்.

எத்தனை ஆட்டம் என்பது உங்கள் ஊரையும் வேலையையும் பொறுத்தது. நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கெழுதிய காலத்தில் பன்னிரண்டு ஆட்டங்களை மார்ச் மாதத்தில் தொடங்கினேன். வைகாசி பிறந்ததும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள தோப்புகளில் இருந்து லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் இறங்கத் தொடங்கியது. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, கண் எரிய எரிய ஆடியதில் மூன்று ஆட்டங்கள் நேரம் முடிந்தே தோற்றன. உங்கள் வேலையில் அறுவடை, பட்டுக்கூடு, தேர்வு, தணிக்கை என்று எந்த நெருக்கடி மாதம் இருந்தாலும், அதைக் காலண்டரில் முதலில் வட்டமிட்டு, அந்த மாதத்தில் எந்த ஆட்டமும் சிக்கலான நடுக்கட்டத்தில் இராதபடி போட்டியில் சேருங்கள். போட்டி விதிகளில் அனுமதிக்கப்பட்ட விடுப்பு நாள்களை அதற்கென்றே சேமித்து வையுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஆறு ஆட்டங்கள் தாராளம்.

எழுதுவது

ஆட்டத்துக்கு விளக்கம் எழுதத் தொடங்கும் தமிழர் முதலில் மோதிக்கொள்வது காய்களின் பெயர்களில். நம் வீட்டுப் பெரியவர்கள் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பதை மந்திரி என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளில் பலர் அதை ராணி என்றும், பிஷப்பை மந்திரி என்றும் படித்திருப்பார்கள். "மந்திரியைத் தியாகம் செய்து வென்றார்" என்று நீங்கள் எழுதினால் தாத்தாவும் பேரனும் இரண்டு வேறு ஆட்டங்களைக் கற்பனை செய்துகொள்வார்கள். எனவே முதல் பக்கத்திலேயே பெயர்களை வரையறுத்துவிட்டு இறுதிவரை மாற்றாதீர்கள். நான் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று எழுதுகிறேன். பிஷப்புக்குத் தமிழ்ச் சொல் போடவில்லையே என்று சிலர் வருத்தப்பட்டதுண்டு. குழப்பத்தைவிட அந்த வருத்தம் மேல் என்பது என் கருத்து.

விளக்கம் எழுதும்போது வலப்பக்கக் குறிப்புகளில் இருந்தே தொடங்குங்கள். வாசகருக்கு, ஆடிய நகர்த்தலின் சிறப்பைவிட, கண்ணைக் கவர்ந்தும் ஆடாமல் விட்ட நகர்த்தல் ஏன் தோற்கும் என்பதே பெரும்பாலும் பயன்படும். ஏனெனில் அவர் அதைத்தான் ஆடியிருப்பார். என்ஜின் தந்த பின்னக் கணக்கை அப்படியே ஒட்டுவது எழுத்தாகாது. ஆறேழு நகர்த்தல்களுக்கு ஒரு படம் கொடுங்கள். பலகை எடுத்து வைக்காமலேயே படிக்கிறவர்கள்தாம் அதிகம். தோற்ற ஆட்டங்களைப் பற்றி எழுத அஞ்ச வேண்டாம். நான் எழுதியவற்றில் அதிகம் கடிதம் வந்தது, மேலே சொன்ன ஒட்டடைக் கதைக்கு.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தின் நகர்த்தல்கள் யாருக்கும் தனியுடைமை அல்ல. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அவற்றுக்கு ஒருவர் எழுதிய விளக்கம் அவருக்கே உரியது. ஆகவே பிறரது விளக்கத்தை மொழிபெயர்த்துத் தன் பெயரில் போடுவது திருட்டு. எதிராளியோடு நடந்த தனிப்பட்ட கடிதங்களை அவரிடம் கேட்காமல் அச்சிடுவதும் முறையன்று.

பத்துப் பதினைந்து கட்டுரைகள் சேர்ந்த பிறகு நூலைப் பற்றி யோசிக்கலாம். ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் முகமை வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். முதல் முறை இருநூறு படிகளுக்கு மேல் அச்சிடாதீர்கள். புத்தகத் திருவிழாவில் ஒரு மேசை ஓரம் கிடைத்தால், நூல்களை அடுக்கி வைப்பதோடு ஒரு பலகையில் தீர்க்கப்படாத நிலையொன்றையும் வைத்துவிட்டு உட்காருங்கள். நிலையைப் பார்த்து நிற்பவர் நூலைக் கையில் எடுப்பார். தர்மபுரியில் அப்படி உட்கார்ந்த ஒரு மாலையில் எனக்கு நான்கு மாணவர்கள் கிடைத்தார்கள். நூல் மூன்றுதான் விற்றது.

கற்பிப்பது

கற்பிக்கத் தகுதிச் சான்று வேண்டுமென்றால் ஃபிடே அமைப்பில் டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டர், நேஷனல் இன்ஸ்ட்ரக்டர், ஃபிடே இன்ஸ்ட்ரக்டர், ஃபிடே ட்ரெய்னர், சீனியர் ட்ரெய்னர் என்று படிகள் உள்ளன. பள்ளிகளில் வகுப்பெடுக்க விரும்புகிறவருக்கு முதல் இரண்டு படிகள் போதும். பெற்றோரிடம் உங்கள் அஞ்சல்வழிப் பட்டம் எது, நேருக்கு நேர் ஆட்டத்தில் உங்கள் ரேட்டிங் எது என்பதை முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுங்கள். பாலக்கோட்டில் இருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாய், "ஏங்க சார், இவன் எத்தன வருஷத்துல கிராண்ட்மாஸ்டர் ஆவான்?" என்று கேட்டார். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் இந்த மாநிலத்தில் இருந்துதானே என்ற நம்பிக்கை அவர் குரலில் இருந்தது. "அதை என்னால் சொல்ல முடியாதும்மா, ஆறு மாதத்தில் அவன் யோசித்ததை எழுதிக் காட்டுவான், அதற்கு நான் பொறுப்பு" என்றேன். அவர் கொஞ்சம் ஏமாந்தார். ஆனாலும் பையனை விட்டுவிட்டுப் போனார்.

முதல் மாதத்தில் தொடக்க ஆட்டங்களைக் கற்பிக்காதீர்கள். காய்கள் குறைந்த நிலைகளில் இருந்து தொடங்குங்கள். 1921இல் செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த ஒரு நிலையை நான் எல்லா வகுப்பிலும் முதல் வாரமே வைக்கிறேன். ஓசூர்ப் பிள்ளைகள் அவரைப் பக்கத்து ஊர்க்காரர் என்றே எடுத்துக்கொள்வார்கள், நானும் உடனே திருத்துவதில்லை. வெள்ளை ராஜா 88இல், வெள்ளைச் சிப்பாய் 36இல். கருப்பு ராஜா 16இல், கருப்புச் சிப்பாய் 85இல். வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். கருப்புச் சிப்பாயைத் துரத்த வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்த்தல் குறைகிறது. தன் சிப்பாயோ கருப்பு ராஜாவின் வாய்க்கருகில் நிற்கிறது. எந்தப் பிள்ளையும் முதலில் முடியாது என்றே சொல்லும்.

விடை 8877. கருப்பு 8584 என்று ஓடினால் 7766. இப்போது கருப்பு 1626 என்று வெள்ளைச் சிப்பாயைப் பிடிக்க வந்தால் 6655. அந்தக் கட்டத்தில் இருந்து வெள்ளை ராஜா 64க்கு இறங்கிக் கருப்புச் சிப்பாயைப் பிடிக்கலாம், 46க்கு ஏறித் தன் சிப்பாயைக் காக்கவும் செய்யலாம். கருப்பால் இரண்டையும் தடுக்க முடியாது. 7766க்குப் பிறகு கருப்பு 1626 ஆடாமல் 8483 என்று ஓட்டத்தைத் தொடர்ந்தால் வெள்ளை 6657 ஆடித் தன் சிப்பாயையும் ராணியாக்கிவிடும். மூலைவிட்டத்தில் நடக்கும் ராஜா ஒரே அடியில் இரண்டு பக்கமும் நெருங்குகிறான் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். நிலையை மட்டும் நோட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புங்கள். விடையை மட்டும் எண்ணில் எழுதி வந்தவரைவிட, தவறான விடைக்குக் காரணம் எழுதி வந்தவருக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். வாரம் ஒரு நிலை, எழுத்தில் பதில்: அஞ்சல்வழி ஆட்டக்காரர் நடத்தும் வகுப்பு மற்ற வகுப்புகளில் இருந்து வேறுபடுவது இங்கேதான்.

இரண்டாம் ஆண்டில் இரண்டு பள்ளிகளுக்கு இடையே அஞ்சலட்டை ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து பாருங்கள். அஞ்சலட்டை 50 காசு; நாற்பது நகர்த்தல் ஆடினாலும் ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு 20 ரூபாய். இடர்ப்பாடு நேரத்தில் இருக்கிறது. பென்னாகரத்தில் இருந்து ஓசூர் போய்த் திரும்ப எட்டு நாள் என்று வைத்துக்கொண்டால் நாற்பது நகர்த்தலுக்கு 320 நாள் ஆகும். பள்ளி ஆண்டோ அதற்குள் முடிந்துவிடும். ஆகவே முதல் எட்டு நகர்த்தல்களை இரு ஆசிரியர்களும் கலந்து முடிவு செய்து, ஒன்பதாவதில் இருந்து பிள்ளைகளை ஆட விடுங்கள். மீதி முப்பத்திரண்டுக்கு 256 நாள் போதும். நிச்சயமான பதில் உள்ள இடங்களில், "நீங்கள் இப்படி ஆடினால் நாங்கள் இப்படி" என்று நிபந்தனை நகர்த்தலையும் அதே அட்டையில் சேர்த்து எழுதச் சொன்னால் இன்னும் நாள் மிஞ்சும். வகுப்பு முழுவதும் கை தூக்கி வாக்கெடுப்பது வேண்டாம். சத்தமாகப் பேசுகிறவன் சொன்னதே நகர்த்தலாகிவிடும். மாதத்துக்கு இருவரை நியமித்து, மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் காரணங்களைப் படித்து அந்த இருவர் முடிவு செய்யட்டும்.

அட்டையின் மேல் வலப்பக்கம் தேதி, அதன் கீழே எதிர்ப் பள்ளியின் அட்டை கிடைத்த தேதி, பிறகு எதிர்ப் பள்ளியின் கடைசி நகர்த்தலை நகர்த்தல் எண்ணோடு மறுபடி ஒருமுறை, அதற்குக் கீழே தங்கள் பதிலைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுதியவர் தவிர இன்னொரு பிள்ளை நான்கு இலக்கங்களையும் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மிஞ்சும் இடத்தில் அவர்கள் ஊரில் மழை பெய்ததா, அரையாண்டுத் தேர்வு எப்போது என்று ஏதாவது எழுதிக்கொள்ளட்டும், அதைத் தடுக்காதீர்கள். பின்கோடு சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்துவிட்டு, மாலைத் தபால் எடுக்கும் நேரத்துக்கு முன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.